மரபணு மாற்றப்பட்ட உயிரணுக்களை மூளைக்குள் பதித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறதி நோய், பார்க்கின்சன் நோய், பக்கவாதம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களைப் பேணும் குடும்பத்தினர் இச்சிகிச்சை முறை குறித்து எழுப்பும் வினாக்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது. மறதி நோய்களுள் ஒன்றான அல்சைமர் நோய்க்காக அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 2001-ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சியே இதில் மையமாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. இத்துறையின் நம்பிக்கை, பிழை, ஏமாற்றம் ஆகிய மூன்றையும் அந்த ஒரே முயற்சியில் தெளிவாகக் காண முடியும் என்பதே அதற்குக் காரணம்.

மரபணு மாற்றப்பட்ட உயிரணுவை மூளைக்குள் பதிப்பது என்றால் சரியாக என்ன செய்கிறார்கள்?

நோயாளியின் உடலிலிருந்தோ வேறொரு கொடையாளரிடமிருந்தோ உயிரணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றுக்குள் ஒரு குறிப்பிட்ட மரபணுவைப் புகுத்துகிறார்கள். அந்த மரபணு ஒரு புரதத்தைத் தயாரிக்கும்படி உயிரணுவுக்குக் கட்டளையிடுகிறது. அப்புரதம் போதிய அளவில் சுரக்கிறதா என்று ஆய்வகத்திலேயே சோதித்து உறுதி செய்த பிறகு, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மெல்லிய ஊசியின் வழியே அவ்வுயிரணுக்களை மூளையின் குறிப்பிட்ட இடத்தில் செலுத்துகிறார்கள். செலுத்தப்பட்ட உயிரணு அங்கேயே தங்கி மருந்தைச் சுரந்துகொண்டிருக்கும். மாத்திரையை வாங்கி வந்து விழுங்குவதற்கு மாறாக, மாத்திரை செய்யும் பட்டறை ஒன்றையே நோயுற்ற இடத்தின் வாசலில் அமைத்துவிடுவது போன்றது இது.

மரபணு ஏந்திய வைரஸை நேரடியாக மூளைக்குள் செலுத்தும் முறை வேறு. அதில் மாற்றம் மூளையின் சொந்த உயிரணுக்களிலேயே நிகழ்கிறது. இரண்டும் செய்திகளில் அடிக்கடி ஒன்றாகக் கலந்து பேசப்படுவதால் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

அந்தப் புரதத்தை ஊசி மருந்தாகவே கொடுத்துவிடலாமே?

கொடுக்க முடிந்திருந்தால் இத்தனை பாடு தேவைப்பட்டிருக்காது. இரத்த நாளங்களுக்கும் மூளைத் திசுவுக்கும் இடையே இறுக்கமான தடுப்பு ஒன்று இருக்கிறது. பெரிய புரத மூலக்கூறுகளை அது எளிதில் உள்ளே விடுவதில்லை. நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதம் இவ்வகையைச் சேர்ந்தது. இதைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி மொண்டால்சினியும், வளர்ச்சிக் காரணிகள் பற்றிய ஆய்வுக்காக அவருடன் ஸ்டான்லி கோகெனும் 1986-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மூளையின் அடிப்பகுதியில் மைனெர்ட் நரம்புக்கரு என்றொரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை மூளையின் மேற்பரப்பு முழுவதற்கும் வழங்குகின்றன. நினைவுக்கும் கவனத்துக்கும் அது இன்றியமையாதது. அல்சைமர் நோயில் இந்த நரம்பணுக்கள் சுருங்கி மடிகின்றன. இன்று மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் டோனெபெசில் போன்ற மாத்திரைகளும் இதே அசிட்டைல்கோலின் விரைவில் சிதைந்துவிடாமல் காப்பவைதாம். நரம்பு வளர்ச்சிக் காரணி அந்த அணுக்கள் மடியாமல் காக்கக்கூடும் என்பதால், 1990-களில் சுவீடனில் மூன்று நோயாளிகளுக்கு அப்புரதத்தைத் தலைக்குள் இருக்கும் திரவ அறையில் நேரடியாகச் செலுத்திப் பார்த்தார்கள். அது மூளைத் தண்டுவடத் திரவத்தின் வழியே எல்லா இடங்களுக்கும் பரவியதால் கடுமையான முதுகுவலியும் உடல் எடைக் குறைவும் ஏற்பட்டன. தேவையான இடத்தில் மட்டும் மருந்து சேர வேண்டும், வேறெங்கும் போகக்கூடாது என்ற பாடம் அப்போதே கிடைத்தது.

இந்த யோசனை யாருடையது?

சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிரெட் கேஜ், தியடோர் பிரீட்மன் ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் 1987-ஆம் ஆண்டில் இதன் சாத்தியங்களை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மறு ஆண்டே எலிகளில் செய்து காட்டினர். எலியின் மூளையில் ஒரு நரம்பிழைக் கற்றையைத் துண்டித்தால், அதன் மூலத்திலுள்ள நரம்பணுக்கள் பின்னோக்கி வாடத் தொடங்கும். நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சுரக்குமாறு மாற்றப்பட்ட உயிரணுக்களை அருகில் பதித்தபோது, வாடியிருக்க வேண்டிய நரம்பணுக்களில் பெரும்பகுதி பிழைத்தன. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் டுசின்ஸ்கியும் குழுவினரும் பின்னர் வயதான ரீசஸ் குரங்குகளில் இம்முறையைச் சோதித்து 1999-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். முதுமையால் சுருங்கி, சாயமேற்றினாலும் கண்ணுக்குத் தென்படாத நிலையில் இருந்த நரம்பணுக்கள் ஏறத்தாழ இளங்குரங்குகளின் அளவுக்கு மீண்டன. மடிந்துவிட்டதாக எண்ணப்பட்டவற்றுள் பல உண்மையில் மடியாமல் வாடிக் கிடந்தவையே என்பது அந்த ஆய்வு தந்த முக்கியமான செய்தி.

மூளைக்குள் வைக்கத் தோலின் உயிரணுவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

தோலிலிருந்து எடுப்பது எளிது. நோயாளியின் சொந்த அணு என்பதால் உடல் அதை நிராகரிப்பதில்லை. ஆய்வகத் தட்டில் நன்றாகப் பெருகும். இவற்றோடு நுட்பக் காரணம் ஒன்றும் உண்டு. மரபணுவை உயிரணுவுக்குள் கொண்டுசேர்க்க அக்காலத்தில் கைவசம் இருந்த ரெட்ரோவைரஸ் வகை, பிளவுபட்டுப் பெருகும் உயிரணுக்களில் மட்டுமே தன் மரபணுவைப் பதிக்கும். முதிர்ந்த நரம்பணுக்கள் பிளவுபடுவதில்லை. தோலின் அடியிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத்திசு உயிரணு பிளவுபடும். அது நரம்பணுவாக மாற வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அது புரதத்தைச் சுரந்தால் போதும். சிந்திக்கும் வேலையை நரம்பணுக்களே பார்த்துக்கொள்ளும்.

மனிதருக்கு முதன்முதலில் எப்போது செய்யப்பட்டது? அறுவை சிகிச்சையில் என்ன நடந்தது?

அல்சைமர் நோய்க்கான முதல் அறுவை சிகிச்சை 2001 ஏப்ரல் மாதத்தில் சான் டியாகோவில், நோயின் தொடக்க நிலையில் இருந்த 60 வயதுப் பெண் ஒருவருக்குச் செய்யப்பட்டது. மொத்தம் எட்டுப் பேர் இச்சோதனையில் பங்கேற்றனர். ஒவ்வொருவரின் தோலிலிருந்தும் தனித்தனியே உயிரணுக்களை எடுத்து, மாற்றி, பெருக்கி, அவரவருக்கே திரும்பச் செலுத்தினார்கள்.

முதல் சில அறுவை சிகிச்சைகள் நோயாளியை முழுமையாக மயக்கத்தில் ஆழ்த்தாமல், அரைமயக்க நிலையில் செய்யப்பட்டன. பார்க்கின்சன் நோய்க்கான மூளை அறுவை சிகிச்சைகளில் இவ்வாறு செய்வது வழக்கம்தான். ஆனால் மறதி நோயாளியின் நிலை வேறு: தான் எங்கே இருக்கிறோம், ஏன் அசையக்கூடாது என்பதை அவர் நடுவே மறந்துவிடக்கூடும். இருவர் ஊசி உள்ளே இருக்கும்போது அசைந்துவிட்டனர். மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. அவர்களுள் ஒருவர் ஐந்து வாரங்களுக்குப் பின் இறந்தார். அதன் பிறகு எஞ்சியவர்களுக்கு முழு மயக்கம் கொடுத்தே அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களுக்கு அத்தகைய சிக்கல் நேரவில்லை. புதிய உயிரணுவைப் பற்றியும் புதிய மரபணுவைப் பற்றியும் ஆண்டுக்கணக்கில் கவலைப்பட்ட ஒரு துறையில், உயிரிழப்புக்கு வழிவகுத்த பிழை மயக்க மருந்தின் அளவைப் பற்றியதாக இருந்தது என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அவர்களுக்குப் பலன் கிடைத்ததா?

2005-ஆம் ஆண்டு வெளியான முடிவுகளின்படி, ஆறு பேர் சராசரியாக 22 மாதங்கள் கண்காணிக்கப்பட்டனர். நரம்பு வளர்ச்சிக் காரணியால் நீண்டகாலத் தீங்கு எதுவும் நேரவில்லை. 30 மதிப்பெண்களுக்கு நடத்தப்படும் எளிய மனநிலைத் தேர்விலும் மற்றொரு விரிவான தேர்விலும் அவர்களுடைய நினைவாற்றல் சரிவின் வேகம் குறைந்தது போலத் தெரிந்தது. பெட் ஸ்கேனில் மூளை மேற்பரப்பின் குளுக்கோஸ் பயன்பாடு கூடியிருந்தது. நோயின் இயல்பான போக்கில் அது குறைந்துகொண்டே செல்வதுதான் வழக்கம். இறந்துபோனவரின் மூளையை ஆராய்ந்தபோது, பதிக்கப்பட்ட உயிரணுக்களை நோக்கி நரம்பிழைகள் அடர்த்தியாக வளர்ந்து சென்றிருந்தன. நோயுற்ற, முதிர்ந்த மனித மூளையும் வளர்ச்சிக் காரணிக்குச் செவிசாய்க்கும் என்பதற்கு அதுவே நேரடிச் சான்று.

இவற்றைப் படிப்போர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கை ஆறு. ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு எதுவும் இல்லை. முதற்கட்டச் சோதனையின் நோக்கம் பாதுகாப்பை அறிவதே. பலனை நிறுவுவது அதன் வேலை அன்று. ஆய்வாளர்களும் மேலும் சோதனைகள் தேவை என்றுதான் எழுதினார்கள். அன்றைய செய்தித் தலைப்புகளில் பல அந்த அளவுக்கு அடக்கமாக இல்லை.

அப்படியானால் அடுத்த கட்டத்தில் என்ன ஆயிற்று? ஏன் இன்று இது மருத்துவமனைகளில் கிடைப்பதில்லை?

ஒவ்வொரு நோயாளிக்கும் தனியே உயிரணு வளர்ப்பது காலமும் செலவும் பிடிப்பது. எனவே அடுத்த கட்டத்தில் உயிரணுவை விட்டுவிட்டு, தீங்கற்ற அடினோ-துணை வைரஸ் ஒன்றில் அதே மரபணுவை ஏற்றி நேரடியாக மைனெர்ட் நரம்புக்கருவில் செலுத்தத் தீர்மானித்தார்கள். அமெரிக்காவின் பல மையங்களில் 49 பேர் பங்கேற்ற இரண்டாம் கட்டச் சோதனையில், ஒரு பிரிவினருக்கு உண்மைச் சிகிச்சையும் மற்றொரு பிரிவினருக்குப் போலி அறுவை சிகிச்சையும் செய்யப்பட்டன. 2018-ஆம் ஆண்டு வெளியான முடிவு ஏமாற்றமளித்தது: இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் இரு பிரிவினருக்கும் இடையே நினைவாற்றலில் வேறுபாடு இல்லை.

பெரும்பாலான மருந்துகளின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். இங்கே முடியவில்லை, பங்கேற்றோரில் பலர் இறந்த பின் தங்கள் மூளையை ஆய்வுக்குக் கொடையளித்திருந்தார்கள். 15 மூளைகளை ஆராய்ந்து 2020-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அறிக்கை இரண்டு உண்மைகளைச் சொன்னது. செலுத்தப்பட்ட மரபணு குறைந்தது ஏழு ஆண்டுகள் மூளைக்குள் உயிர்ப்புடன் புரதத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தப் புரதம், எந்த நரம்பணுக்களுக்காக அனுப்பப்பட்டதோ அவற்றை ஒருவரிடத்தில்கூட நேரடியாகச் சென்று சேர்ந்திருக்கவில்லை. சிலரிடத்தில் ஊசி இலக்கிலிருந்து விலகியிருந்தது. சிலரிடத்தில் மருந்து எதிர்பார்த்த தூரம் பரவவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ஸ்கேன் படத்தை வைத்துக் கணக்கிட்ட இடத்தில் செலுத்தினார்களே தவிர, செலுத்தும்போது மருந்து எங்கே போகிறது என்பதை யாரும் பார்க்கவில்லை.

ஆகவே, நரம்பு வளர்ச்சிக் காரணி அல்சைமர் நோய்க்குப் பயன்படுமா என்ற கேள்விக்கு அந்தச் சோதனை விடையளிக்கவே இல்லை என்றே கொள்ள வேண்டும். பயிருக்குத் தண்ணீர் பாயாத வயலை வைத்துக்கொண்டு விதையைக் குறை சொல்ல முடியாது. அதே சமயம், விதை நல்லதுதான் என்றும் அதை வைத்து வாதிட முடியாது. டுசின்ஸ்கியின் குழு 2021-ஆம் ஆண்டு அறிவித்த புதிய சோதனையில் வேறொரு வளர்ச்சிக் காரணியின் மரபணுவைப் பயன்படுத்துகிறது. இம்முறை எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே, திரையில் பார்த்தபடி மருந்தைச் செலுத்துகிறார்கள்.

போலி அறுவை சிகிச்சை என்று தலையில் துளை மட்டும் இட்டு மருந்து கொடுக்காமல் அனுப்புவது ஏமாற்று வேலை அல்லவா?

இக்கேள்வி நியாயமானது, மருத்துவ அறநெறியாளர்களும் இதைப் பற்றி நீண்ட காலம் வாதிட்டிருக்கிறார்கள். பங்கேற்போருக்கு இது முன்கூட்டியே சொல்லப்படுகிறது; தமக்குக் கிடைத்தது எது என்பது மட்டுமே மறைக்கப்படுகிறது. துளையும் பெரும்பாலும் மண்டையோட்டோடு நின்றுவிடும். மூளைக்குள் ஊசி செல்லாது.

பார்க்கின்சன் நோயாளிகள் 40 பேரிடம் கருவிலிருந்து பெற்ற நரம்புத்திசுவைப் பதித்துப் பார்த்த சோதனையின் முடிவு 2001-ஆம் ஆண்டு வெளியானது. அதில் பாதிப் பேருக்குப் போலி அறுவை சிகிச்சை. நோயாளிகளே தமக்கு அளித்துக்கொண்ட மதிப்பீட்டில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. திசு பதிக்கப்பட்டவர்களில் சிலருக்குப் பின்னாளில் கட்டுக்கடங்காத உடல் அசைவுகள் தோன்றின. அப்பங்கேற்பாளர்களையே ஆராய்ந்து 2004-ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, உண்மையில் எது கிடைத்தது என்பதைவிட, திசு கிடைத்துவிட்டதாக நம்பியவர்களே தம் வாழ்க்கைத்தரம் உயர்ந்ததாகக் கூறினார்கள் என்று காட்டியது. நம்பிக்கையின் வலிமை இத்தகையது என்று தெரிந்த பிறகு, ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனை ஒன்றை நம்பி ஆயிரக்கணக்கானோரின் மண்டையைத் துளைப்பதுதான் பெரிய தவறாக எனக்குப் படுகிறது.

பதித்த உயிரணு வேண்டாம் என்றால் திரும்ப எடுக்க முடியுமா?

மூளைத் திசுவோடு கலந்துவிட்ட பிறகு எடுக்க முடியாது. மாத்திரையை நிறுத்துவது போல இதை நிறுத்த இயலாது என்பதே இச்சிகிச்சைக்கும் பிற மருந்துகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு.

இதற்குச் சில மாற்று வழிகள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஆறு அல்சைமர் நோயாளிகளுக்கு, நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சுரக்கும் உயிரணுக்களை நுண்துளைகள் கொண்ட மெல்லிய குழலுக்குள் அடைத்து வைத்தார்கள். புரதம் வெளியே கசியும், உயிரணு வெளியேறாது, ஓராண்டு கழித்துக் குழலையே உருவி எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் பக்கவாத நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்ட நரம்புக் குருத்தணு (ஸ்டெம் செல்) வரிசையில் வேறோர் ஏற்பாடு: உயிரணுவைப் பெருகத் தூண்டும் மரபணு, தமாக்சிஃபென் என்னும் மார்பகப் புற்றுநோய் மருந்தைச் சார்ந்த வேதிப்பொருள் இருக்கும்வரைதான் இயங்கும். ஆய்வகத்தில் அப்பொருளை ஊட்டிப் பெருக்குகிறார்கள். மூளைக்குள் அது கிடைக்காததால் பெருக்கம் நின்றுவிடுகிறது. 2010-ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் தொடங்கிய சோதனையில் 11 ஆண்களுக்கு அது செலுத்தப்பட்டது. அந்த உயிரணுக்களால் தீங்கு நேர்ந்ததாகக் காணப்படவில்லை.

புற்றுநோய் வருமா?

வரக்கூடிய வாய்ப்பு உண்டு. அது இரண்டு வழிகளில் நேரலாம்.

முதலாவது, பதிக்கப்பட்ட உயிரணுவே கட்டுப்பாடின்றிப் பெருகுவது. அரிய மரபு நோய் ஒன்றால் பாதிக்கப்பட்ட இஸ்ரேலியச் சிறுவனுக்கு ஒன்பது வயது முதல் மாஸ்கோவில் கருவின் நரம்புக் குருத்தணுக்கள் மூன்று முறை செலுத்தப்பட்டன. அவனுக்கு 13 வயதானபோது மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் காணப்பட்டன. அவை கொடையாளர்களின் உயிரணுக்களிலிருந்து வளர்ந்தவை என்பது மரபணுச் சோதனையில் தெரியவந்து 2009-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அவை மரபணு மாற்றப்படாத உயிரணுக்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆபத்து மரபணு மாற்றத்தில் மட்டும் இல்லை.

இரண்டாவது, புகுத்தப்பட்ட மரபணு உயிரணுவின் குரோமோசோமில் தகாத இடத்தில் அமர்ந்து, உறங்கிக்கொண்டிருக்கும் புற்றுநோய் மரபணுவை எழுப்பிவிடுவது. இதற்கு அடுத்த விடையில் உதாரணம் வருகிறது.

மண்டையைத் துளைக்காமல் இதைச் செய்ய வழி இல்லையா?

சில நோய்களுக்கு உண்டு. இதுவரை கிடைத்த தெளிவான வெற்றிகளும் அங்கேதான். எலும்பு மச்சையிலுள்ள இரத்தக் குருத்தணுக்களை எடுத்து, மரபணுவை மாற்றி, இரத்தத்தில் திரும்பச் செலுத்தினால், அவற்றின் வழித்தோன்றல்களில் ஒரு பகுதி மெதுவாக மூளைக்குள் குடியேறி, அங்குள்ள காவல் உயிரணுக்களைப் போல் செயல்படுகின்றன. மூளையின் வெண்பொருளை அழிக்கும் அட்ரினோலுக்கோடிஸ்ட்ரோபி என்னும் நோயுற்ற இரண்டு சிறுவர்களுக்கு நத்தாலி கார்த்தியே, பத்ரிக் ஓபூர் ஆகியோரின் பாரிஸ் குழு இதைச் செய்து, நோயின் போக்கை நிறுத்தியதாக 2009-ஆம் ஆண்டு அறிவித்தது. மெட்டாக்ரோமாட்டிக் லுக்கோடிஸ்ட்ரோபி என்னும் மற்றொரு குழந்தைப்பருவ நோய்க்கான இவ்வகைச் சிகிச்சைக்கு ஐரோப்பா 2020-லும் அமெரிக்கா 2024-லும் அனுமதியளித்தன. அறிகுறி தோன்றும் முன் கொடுத்தால்தான் அது நன்கு பயன்படுகிறது. மூத்த பிள்ளைக்கு நோய் தெரிந்த பிறகு, இளைய பிள்ளை மட்டும் காப்பாற்றப்படும் நிலை சில குடும்பங்களில் நேர்கிறது.

அட்ரினோலுக்கோடிஸ்ட்ரோபிக்கான சிகிச்சைக்கும் அமெரிக்கா 2022-இல் அனுமதி தந்தது. ஆயினும், சோதனைகளில் அதைப் பெற்ற 67 சிறுவர்களுள் ஏழு பேருக்கு இரத்தப் புற்றுநோய் ஏற்பட்டதாக 2024-ஆம் ஆண்டு தெரிவிக்கப்பட்டது. சிகிச்சையின்றி விட்டால் சில ஆண்டுகளில் பார்வை, பேச்சு, உயிர் என ஒவ்வொன்றாகப் பறிக்கும் நோய் அது. பத்தில் ஒரு பங்கு புற்றுநோய் ஆபத்தை ஏற்பதா என்ற கேள்விக்கு, மாற்று வழியான எலும்பு மச்சை மாற்றுக்குப் பொருத்தமான கொடையாளர் கிடைக்கிறாரா என்பதைப் பொறுத்தே பெற்றோரும் மருத்துவர்களும் விடை காண வேண்டியிருக்கிறது.

வேறு எந்த நோய்களுக்கு முயல்கிறார்கள்?

தலைக்காயத்தால் ஏற்பட்ட நீடித்த செயலிழப்புக்கு, தற்காலிகமாக மரபணு மாற்றப்பட்ட எலும்பு மச்சை உயிரணுக்களை மூளையில் பதிக்கும் சிகிச்சைக்கு ஜப்பான் 2024 ஜூலையில் நிபந்தனையுடன் கூடிய அனுமதி வழங்கியது. அதே உயிரணு பக்கவாதத்துக்கான இரண்டாம் கட்டச் சோதனையில் பலன் காட்டவில்லை. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோயில், வளர்ச்சிக் காரணியைச் சுரக்கும் நரம்பு முன்னோடி உயிரணுக்கள் 18 பேரின் தண்டுவடத்தில் ஒரு பக்கம் மட்டும் செலுத்தப்பட்டன. மறுபக்கத்தை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்தது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. மூளைக் கட்டிகளுக்கு, கட்டியை நாடிச் செல்லும் இயல்புடைய நரம்புக் குருத்தணுக்களில் ஒரு நொதியின் மரபணுவை ஏற்றி, பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் சாதாரண மருந்தைக் கட்டிக்கு அருகிலேயே புற்றுநோய் மருந்தாக மாற்றச் செய்யும் முயற்சி கலிபோர்னியாவில் நடந்துள்ளது.

பிறருடைய உயிரணுவை வைத்தால் ஒருவரின் குணமோ நினைவுகளோ மாறிவிடுமா?

மாறாது. செலுத்தப்படுபவை எவருடைய நினைவையும் தாங்கி வருவதில்லை.

மறதி நோயாளியால் இதற்குச் சம்மதம் தர முடியுமா?

தொடக்க நிலையில் இருப்பவரால் முடியும். சான் டியாகோ சோதனைக்கு நோய் முற்றாதவர்களையே தேர்ந்தெடுத்ததற்குக் காப்பாற்ற வேண்டிய நரம்பணுக்கள் இன்னும் மீதமிருக்க வேண்டும் என்பது மட்டும் காரணம் அன்று. தாம் எதற்கு உடன்படுகிறோம் என்பது அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். நோய் முற்றிய தாய்க்காகவோ தந்தைக்காகவோ பிள்ளைகள் கையெழுத்திட முன்வருவது இயல்பே. ஆனால் மீளமுடியாத மூளை அறுவைச் சோதனைக்கு அத்தகைய கையெழுத்து போதுமானதன்று என்பதே என் கருத்து.

இந்தியாவில் இச்சிகிச்சையைப் பெற முடியுமா?

அல்சைமர் நோய்க்கு உலகில் எங்குமே இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாகக் கிடைப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு குருத்தணு வழிகாட்டுதல்களின்படி, இரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான மச்சை மாற்று தவிர, குருத்தணுக்களை முறையான சோதனைக்கு வெளியே நோயாளிகளுக்குப் பயன்படுத்துவது ஏற்கத்தக்கதன்று. மரபணுச் சிகிச்சைக்கு 2019-ஆம் ஆண்டு தனி வழிகாட்டுதல்கள் வந்துள்ளன.

யாரேனும் உங்கள் குடும்பத்தினருக்கு இத்தகைய சிகிச்சையைத் தருவதாகச் சொன்னால், அச்சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எந்த எண்ணில் பதிவாகியுள்ளது என்று கேளுங்கள். அந்தப் பதிவேட்டை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த உயிரணு, எந்த மரபணு, மூளையின் எந்த இடம், அந்த இடத்தில்தான் சேர்ந்தது என்பதை எப்படி உறுதி செய்வார்கள் என்றும் கேளுங்கள். சோதனை நிலையிலுள்ள சிகிச்சைக்கு இலட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால், வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.